தீங்கில்லா உலகின் விலை: மார்கோ லானகனின் ‘டெண்டர் மார்சல்ஸ்’ நாவலில் கிரிம் கதையின் மறுகூறல்

ஐரோப்பியத் தேவதைக் கதைகளைப் பதின்ம வயது வாசகர்க்காக மீண்டும் எழுதும் போக்கு ஆங்கில இலக்கியத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ளது. ராபின் மெக்கின்லியின் ‘பியூட்டி’ 1978இல் வெளிவந்தது. சூனியக்காரியின் பக்கம் நின்று ‘ஹான்சலும் கிரெட்டலும்’ கதையைச் சொல்லும் டோனா ஜோ நேப்போலியின் ‘தி மேஜிக் சர்க்கிள்’ 1993இல் வந்தது. பெரியோர்க்கென ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் வெளியிட்ட ‘தி பிளடி சேம்பர்’ தொகுதியின் நிழல் இவ்வகை நூல்கள் பலவற்றின் மீதும் விழுந்திருக்கின்றது. எனினும் இவ்வகையில் பெரும்பாலானவை கதையின் வெளிச்சத்தைக் குறைத்து, குருதியைக் கூட்டி, நாயகியின் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டு அமைந்துவிடுகின்றன. இருள் அங்கே திரைச்சீலையாகத் தொங்குகிறதேயன்றிக் கதையின் பொருளோடு கலப்பதில்லை.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மார்கோ லானகன் 2008இல் வெளியிட்ட ‘டெண்டர் மார்சல்ஸ்’ இதற்கு விலக்கான நாவல். கிரிம் சகோதரர்களின் ‘வெண்பனியும் செம்ரோசாவும்’ என்னும் கதையை இது மறுகூறல் செய்கின்றது. (ஏழு குள்ளரோடு வாழ்ந்த வெண்பனியின் கதை வேறு, இரண்டுக்கும் பெயரொற்றுமை தவிர உறவில்லை.) இந்நாவல் 2009இல் பிரின்ட்ஸ் விருதின் சிறப்பு நூற் பட்டியலில் இடம்பெற்றது, அதே ஆண்டில் உலக மிகுபுனைவு விருதினை ஜெஃப்ரி ஃபோர்டின் நாவலொன்றோடு பகிர்ந்து கொண்டது. அதே நூல் இளையோர் கையில் கொடுக்கத் தகாதது என்னும் கண்டனத்தையும் பெற்றது. இக்கண்டனம் எழுப்பும் வினாவையே நாவலும் தன் கருப்பொருளாகக் கொண்டுள்ளது என்பது நம் கருத்து. தீங்கு அறியாத உலகொன்றில் பிள்ளைகளை வளர்த்தால் அவர்களுக்கு என்ன நேரும் என்று கேட்கும் நாவல் இது.

மூலக்கதையும் திருத்தக்காரரும்

கிரிம் கதையின் சுருக்கம் வருமாறு. காட்டோரக் குடிசையில் ஓர் ஏழைக் கைம்பெண் வாழ்கின்றாள். வாயிலில் இரண்டு ரோசாச் செடிகள். ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு. அச்செடிகளைப் போன்ற மகளிர் இருவர். காட்டு விலங்குகள் அவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. குளிர்கால இரவொன்றில் கரடியொன்று கதவைத் தட்டி, அடுப்பருகே படுத்துக்கொள்ள இடம் கேட்கின்றது. பனிக்காலம் முழுதும் இரவுதோறும் வந்து செல்கின்றது. பின்னர், தாடி சிக்கிக்கொண்ட குள்ளனொருவனைச் சிறுமியர் மீண்டும் மீண்டும் காப்பாற்றுகின்றனர். அவனோ ஒவ்வொரு முறையும் அவர்களை ஏசுகின்றான். இறுதியில் கரடி குள்ளனைக் கொல்கின்றது, தோல் கழன்று இளவரசன் வெளிப்படுகின்றான், மூத்தவளை மணக்கின்றான். இளையவளுக்கு? அவனுக்கு ஒரு தம்பி இருந்தானாம். அதுவரை கதையில் எட்டிப்பாராத அத்தம்பி, திருமணத்திற்காக மட்டும் ஒரு வாக்கியத்தில் வந்து போகின்றான்.

இக்கதை 1812இல் வெளிவந்த முதற்பதிப்பில் இல்லை. 1837ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே தொகுதிக்குள் வந்து, 161ஆம் எண்ணுக்குரிய கதையாயிற்று. வாய்மொழியாகக் கேட்டெழுதப்பட்டதும் அன்று. கரோலினெ ஸ்டால் என்னும் பெண்மணி 1818இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட நூலிலுள்ள ‘நன்றிகெட்ட குள்ளன்’ என்னும் கதையே இதற்கு மூலம். ஸ்டாலின் கதையில் மந்திரத்தால் கரடியான இளவரசன் இல்லை, திருமணமும் இல்லை. ஒரு கரடி வருகின்றது, குள்ளனைத் தின்கின்றது, புதையல் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றது. கரடியை மாப்பிள்ளையாக்கியவர் வில்ஹெல்ம் கிரிம். அடுப்பங்கரை, தாயின் வாசிப்பு, ஆட்டுக்குட்டி, வெண்புறா என வீட்டின் இனிமை அனைத்தையும் நிரவி வைத்தவரும் அவரே. ‘நாட்டார் கதை’ என்று நாம் வகுப்பறையில் எடுத்துரைக்கும் இது, பெரும்பாலும் எழுத்தறிந்த ஓர் ஆடவரின் திருத்தப்படி என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

வில்ஹெல்மின் திருத்தங்களுக்கு ஒரு திசை இருந்தது. முதற்பதிப்பில், தன் ஆடைகள் ஏன் இறுகிப் போகின்றன என்று வெள்ளந்தியாகக் கேட்டுத் தன் கருவுறுதலை வெளிப்படுத்திவிடும் ரபுன்சல், பிற்பதிப்புகளில் அவ்வாறு கேட்பதில்லை. வெண்பனியைக் கொல்லத் துணியும் பெற்ற தாய் 1819இல் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச்சொல்லும் தாய்க்கு அதே மாற்றம் 1840இல் நிகழ்ந்தது. பாலியல் நீங்கியது, வன்முறை பெரும்பாலும் தங்கியது. இம்முரணை மரியா டாட்டர் 1987இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆயினும் முழுத் துடைப்பு நிகழவில்லை. தந்தையே மகளை மணக்க விரும்பும் ‘ஆலர்லைராவ்’ தொகுதியின் இறுதிப் பதிப்பு வரை நின்றது. பிரான்சில் பெரோ 1694இல் செய்யுளாக வெளியிட்ட ‘கழுதைத்தோல்’ கதையும் அதே நிகழ்வைக் கொண்டது. லானகன் தம் நாவலின் முதல் இயலில் காட்டும் கொடுமை தேவதைக் கதை மரபுக்கு அந்நியமானது என்று வாதிடுவோர் இவ்விரு கதைகளையும் மறந்துவிடுகின்றனர் எனலாம்.

கைம்பெண்ணின் கணவன் எங்கே?

கிரிம் கதையில் ஒரு வெற்றிடம் உண்டு. தாய் கைம்பெண். அவள் கணவன் யார், எவ்வாறு இறந்தான், இரண்டு பெண் குழந்தைகளோடு ஊருக்குப் புறத்தே அவள் ஏன் வாழ்கின்றாள் என்பன பற்றிக் கதை வாய்திறப்பதில்லை. லானகனின் நாவல் முழுவதும் இவ்வெற்றிடத்திலிருந்து முளைக்கின்றது. அவர் அத்தாய்க்கு லீகா என்று பெயரிட்டு, அவளது பதின்ம வயதிலிருந்து கதையைத் தொடங்குகின்றார்.

தாயற்ற லீகா காட்டுக் குடிசையில் தந்தையோடு வாழ்கின்றாள். தந்தை அவளுக்குத் தீங்கிழைக்கின்றான். அதன் விளைவுகளை மறைக்க, ஊரிலுள்ள ‘சேற்று மருத்துவச்சி’ ஆனியிடம் மூலிகை வாங்கி வந்து குடிக்கச் செய்கின்றான். அவன் சாலையில் வண்டி மோதி இறந்த பின்னர் அவளுக்கு முதல் மகள் பிறக்கின்றாள். காவலற்ற அவளை ஊர் இளைஞர் கூட்டமொன்று தாக்குகின்றது. இரண்டாம் மகள் அத்தாக்குதலின் விளைவாகக் கருக்கொள்கின்றாள். கிரிம் கதையின் வெள்ளையும் சிவப்புமான இரு மலர்கள் இங்கே பிரான்ஸா, உர்டா என்னும் இரு பெண்கள். அவர்களது பிறப்பின் வரலாறு இத்தகையது.

இப்பகுதியை லானகன் எழுதியுள்ள முறை கவனத்திற்குரியது. கொடுமை எதுவும் காட்சியாக விரிக்கப்படவில்லை. நடப்பது என்னவென்று லீகாவுக்கே தெரியாது. தன் உடலில் ஏன் வலி எழுகின்றது, அந்தக் கசப்பு நீர் எதற்காக என்பன அவளுக்குப் புரிவதில்லை. அவள் அறிந்தவற்றை மட்டுமே உரைநடை அறிந்திருக்கின்றது. எனவே வாசகர் அவளுக்கு முன்னரே உண்மையை உணர்ந்துகொண்டு, அதை அவளிடம் சொல்ல இயலாத நிலையில் நிற்கின்றார். அச்சத்தை விடவும் இவ்வியலாமையே முதல் இயலைப் படிப்பதற்குக் கடினமாக்குகின்றது.

ஈண்டு ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. லீகாவின் அறியாமை இயற்கையாக அமைந்ததன்று. மனிதரோடு பழக விடாமல், பேச விடாமல், தந்தை அவளுக்குள் அதை வளர்த்திருக்கின்றான். பிள்ளைகளின் ‘கள்ளமின்மை’ என்று நாம் போற்றும் பண்பு, தீயவன் கையில் எத்துணை வசதியான கருவியாகின்றது என்பதை இந்நாவல் போல வேறு எந்த இளையோர் நூலும் இத்துணைத் தெளிவாகக் காட்டி நாம் கண்டதில்லை.

மலைவிளிம்பு

மறுகூறலின் நுட்பம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் மலைவிளிம்புக் காட்சி. கிரிம் கதையில் இதற்கு மூலமுண்டு. பெரும்பாலான வாசகர் அதை மறந்துவிடுவர். சிறுமியர் இருவரும் ஓரிரவு காட்டிலேயே உறங்கிவிடுகின்றனர். விடியலில் கண் விழித்தால், ஒளிரும் வெண்ணிற ஆடையணிந்த அழகிய குழந்தையொன்று அருகே அமர்ந்திருக்கின்றது. அன்போடு நோக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் காட்டுக்குள் மறைகின்றது. சுற்றிப் பார்த்தபோதுதான் தாங்கள் படுத்திருந்தது ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு என்பதும், இருளில் இன்னும் சில அடிகள் நடந்திருந்தால் விழுந்திருப்பர் என்பதும் அவர்களுக்குத் தெரிகின்றன. நல்ல பிள்ளைகளைக் காக்கும் வானதூதனாக இருக்கும் என்று தாய் சொல்கின்றாள். கதை அத்துடன் வேறு பொருளுக்குச் சென்றுவிடுகின்றது.

லானகன் அப்பள்ளத்தையும் அவ்வொளிக் குழந்தையையும் எடுத்துத் தாயின் கதைக்குள் வைக்கின்றார். தாக்குதலுக்குப் பின் லீகா கைக்குழந்தையோடு மலைவிளிம்புக்குச் செல்கின்றாள். தற்செயலாக அன்று, முடிவோடு செல்கின்றாள். அவ்விடத்தே நிலவொளி போன்ற குழந்தை வடிவமொன்று தோன்றி அவளைத் தடுக்கின்றது. வெள்ளையும் சிவப்புமான இரு மணிகளைக் கொடுத்து, வாயிலின் இருபுறமும் நடச் சொல்கின்றது. மறுநாள் அவள் கண் விழிக்கும் உலகம் வேறு. அதே குடிசை, அதே காடு, அதே ஊர். ஆனால் தீங்கு செய்தோர் இல்லை. ஊரார் கனிவானவர்கள். மணிகள் செடிகளாகிப் பூக்கின்றன.

கிரிம் கதையில் ஓர் ஓரத்தில் கிடந்த வானதூதன் காட்சி இங்கே நாவலின் அச்சாணியாகிவிட்டது. மேலும் ஒரு வினாவும் பிறக்கின்றது. காட்டு விலங்குகளும் தீண்டாத, பள்ளத்தின் விளிம்பிலும் விழாத அச்சிறுமியரின் உலகம் கிரிம் கதையில் எவ்வாறு இயன்றது? அவ்வீட்டின் அமைதிக்கு யார், எதைக் கொடுத்து விலை செலுத்தினார்? கிரிம் அமைதியாகக் கடந்த இவ்வினாவுக்கு லானகன் ஒரு நாவலையே விடையாகத் தருகின்றார். அமைதியான குடிசை கிரிம் கதையின் தொடக்கநிலை. லானகனிடத்தில் அது பேரழிவொன்றின் பின்விளைவு.

அவ்வுலகின் குறைபாடு மெல்ல மெல்லவே வெளிப்படுகின்றது. அங்குள்ள மனிதர் இனியவர், ஆயினும் வெறுமையானவர். லீகாவின் ஆசை எந்த அளவுக்கு அவர்களை உருவாக்கியதோ அந்த அளவுக்கே அவர்களிடம் ஆழமுண்டு. அவர்களோடு சண்டையிட முடியாது. எனவே அவர்களோடு நட்புக் கொள்ளவும் முடியாது. தேவதைக் கதை பற்றி டோல்கீன் 1939இல் ஆற்றிய சொற்பொழிவில், சிறையிலிருப்பவன் தப்புவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்று வாதிட்டார். லீகா தப்பியது சிறையிலிருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் அவள் மகளிர் எச்சிறையிலும் இருந்ததில்லை. தாயின் அடைக்கலம் மகளிர்க்கு எவ்வாறு அடைப்பாக மாறுகின்றது என்பதே நாவலின் நடுப்பகுதி. டோல்கீனின் பாகுபாடு ஒரு தலைமுறைக்குத்தான் பொருந்தும். அடுத்த தலைமுறையைப் பற்றி அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இளையவள் உர்டா இதை முதலில் உணர்கின்றாள். தன் பதின்நான்கு வயதளவில் அவ்வுலகின் ஓட்டை வழியே வெளியேறி, அழுக்கும் கூச்சலும் வசையும் நிறைந்த உண்மை ஊருக்குள் வந்து சேர்கின்றாள். அவளுக்கு அது பிடித்திருக்கின்றது! பின்னர் டான்ஸ் எனப்படும் மந்திர வல்லமை வாய்ந்த பெண்மணி தாயையும் தமக்கையையும் மீட்டுவருகின்றாள். உண்மையுலகில் ஓராண்டு கழிவதற்குள் அவ்வுலகில் பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. உர்டா இன்னும் சிறுமி. ஓரிரு வயதே மூத்தவளாயிருந்த பிரான்ஸாவோ இப்போது இருபத்தைந்தை எட்டிய பெண். அந்த வயதில்தான் அவள் முதன்முறையாகத் தீய சொல் ஒன்றைச் செவிமடுக்கின்றாள். பாதுகாப்பின் விலையைக் கால அளவாகக் கணக்கிட்டுக் காட்டும் இவ்வுத்தி எளியது. ஆயினும் அதன் தாக்கம் பெரிது.

கவளங்களும் கரடிகளும்

நாவலின் தலைப்பைத் தமிழில் ‘இளங்கவளங்கள்’ எனலாம். அது கிரிம் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பெறப்பட்டது. கரடியிடம் அகப்பட்ட குள்ளன், தன்னைத் தின்பதால் பயனில்லை என்றும், சுவையான இளங்கவளங்களான இவ்விரு பெண்களையும் தின்னுமாறும் கெஞ்சுகின்றான். தன்னைக் காப்பாற்றியவர்களையே இரையாக நீட்டுகின்றான். லானகன் இச்சொல்லாட்சியைத் தலைப்பாக எடுத்ததன் மூலம், பெண்ணுடலைத் தின்பண்டமாகக் காணும் பார்வையைக் கதைக்குள்ளிருந்தே பிடித்துக் காட்டிவிடுகின்றார். மரபுக்கதையின் மீது வெளியிலிருந்து ஒரு கொள்கையை அவர் ஒட்டவில்லை.

கரடியை அவர் கையாளும் விதமும் இவ்வாறே. நாவலில் வரும் ஊரில் ‘கரடி நாள்’ என்றொரு சடங்குண்டு. இளைஞர்கள் கரடித்தோல் போர்த்தி, கரி பூசிக்கொண்டு தெருக்களில் ஓடிப் பெண்களைப் பிடித்து முத்தமிட்டுக் கரி பூசுவர். பிரான்சின் பிரனீசு மலைச்சிற்றூர்களில் இன்றும் இத்தகைய கரடி விழாக்கள் நடைபெறுகின்றன. 2022இல் யுனெஸ்கோ அவற்றைப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாவலில் இவ்விளைஞர் சிலர் ஓடும் ஓட்டத்தில் லீகாவின் உலகுக்குள் விழுந்து உண்மைக் கரடிகளாகிவிடுகின்றனர். முதலாமவன் ராம்ஸ்ட்ராங் பண்பாளன். குடும்பத்தோடு கனிவாகப் பழகுகின்றான். அடுத்து வருபவன் அத்தகையவன் அல்லன். கிரிம் கதையின் ஒரே கரடிக்குள் அடுப்பருகே உறங்கும் நண்பனும், பெண்ணுக்காகக் காத்திருக்கும் ஆடவனும் சேர்ந்தே இருந்தனர். சிறுமியர் தன்னைக் கோலால் அடித்து விளையாடும்போது, தங்கள் மணவாளனைக் கொன்றுவிட வேண்டாம் என்று அக்கரடியே சொல்வதை நினைவுகூர்க. லானகன் அவ்விருவரையும் இரு கரடிகளாகப் பிரித்துவிட்டார். எங்கிருந்தோ முளைத்த தம்பிக்கும் இவ்வகையில் கணக்குத் தீர்க்கின்றார்: உர்டாவுக்கு மாப்பிள்ளை தேடப்படுவதில்லை.

கூற்றுமுறை பற்றியும் ஒரு சொல். குள்ளன் டவுட், ராம்ஸ்ட்ராங், மற்றக் கரடி மனிதன் ஆகிய ஆடவர்கள் தன்மையிடத்தில், கொச்சை கலந்த கற்பனை வட்டார வழக்கில் தம் கதையைத் தாமே பேசுகின்றனர். லீகாவும் மகளிரும் படர்க்கையில் சொல்லப்படுகின்றனர். பெண்களின் துயரை மையமாகக் கொண்ட நாவலில் ‘நான்’ என்னும் உரிமை ஆடவர்க்குப் போய்விட்டதே என்று குறை காண்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் கதையைச் சொல்லும் சொற்கள் லீகாவிடம் இல்லாமற் போனதே அவளுக்கு நேர்ந்த தீங்கின் ஒரு பகுதி. ஆடவர் தம் ஆசைகளையும் சாக்குகளையும் தடையின்றிப் பேசிச் செல்லும் இயல்களுக்கிடையே அவளது மௌனம் இன்னும் அழுத்தமாகக் கேட்கின்றது. அவ்வட்டார வழக்கு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட மாணவர்க்குத் தொடக்கத்தில் இடர் தரும் என்பது மட்டும் உண்மை.

பழி

நாவலின் பிற்பகுதியில், தன் பிறப்பின் வரலாற்றை அறியும் உர்டாவின் சினம், அவள் அறியாமலேயே மந்திர ஆற்றலாக வெளிப்படுகின்றது. துணியாலான உருவங்கள் உயிர்பெற்று, முன்னர் லீகாவைத் தாக்கிய ஐவர்க்கும் அவர்கள் செய்த கொடுமையையே திருப்பிச் செய்கின்றன. நூலின் மீதான கண்டனங்களுள் பொருட்படுத்தத் தக்கது இவ்விடத்தைப் பற்றியதே. பெண்ணியக் கண்ணோட்டம் கொண்ட வாசகர்க்காக அமெரிக்காவின் ‘பிட்ச்’ இதழ் 2011இல் வெளியிட்ட நூறு இளையோர் நூல்களின் பட்டியலில் இந்நாவல் முதலில் இடம்பெற்றிருந்தது. பழிவாங்கும் பொருட்டு நிகழும் பாலியல் வன்முறையை இது ஏற்றுக்கொள்கின்றது என்னும் முறையீடு வந்ததும் நீக்கப்பட்டது. நீக்கியதை எதிர்த்து எழுத்தாளர் பலர் குரல் எழுப்பினர். அதே ஆண்டு சூன் மாதத்தில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் மேகன் காக்ஸ் கர்டன், இளையோர் இலக்கியம் முழுவதுமே அளவுக்கு மீறி இருண்டுவிட்டது என்று எழுதிய கட்டுரையும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

நூலை நீக்கியது தவறென்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் முறையீட்டில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. முதல் இயலில் அத்துணைக் கண்ணியத்தோடு மறைத்துக் காட்டிய லானகன், இங்கே எள்ளல் கலந்த தொனியை அனுமதித்துவிடுகின்றார். அதைவிடப் பெருங்குறை, செயல் உர்டாவின் விருப்பறிவுக்கு அப்பால் நிகழ்வது. அதனால் வாசகர் பழிவாங்கலின் நிறைவைப் பெறுகின்றார். அதற்கான பொறுப்போ கதைக்குள் யார் தோளிலும் முழுமையாக அமர்வதில்லை. கொடுமைக்குக் கொடுமையே மருந்தா என்னும் வினாவை உர்டா விழித்திருக்கையில் எதிர்கொண்டிருந்தால் நாவல் இன்னும் வலுப்பெற்றிருக்கும். மந்திரம் இவ்விடத்தில் ஆசிரியர்க்கு ஒரு சாக்காகிவிட்டது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது இறுதிப்பகுதி. ராம்ஸ்ட்ராங் மனைவியை இழந்தவன். கரடியாக வந்த நாள் முதல் லீகாவின் உள்ளத்தில் அவனுக்கு இடமுண்டு. வாழ்நாளில் முதன்முறையாக, அச்சமின்றி ஓர் ஆடவனை அவள் விரும்புகின்றாள். அவன் மணம் கேட்டு வருகின்றான், பிரான்ஸாவை. லீகா தன் ஏமாற்றத்தை விழுங்கிக்கொள்கின்றாள். கிரிம் கதையின் தாய்க்கு ஆசைகள் இல்லை. மகளின் அரண்மனைக்கு இரண்டு செடிகளையும் எடுத்துச் சென்று அமைதியாக வாழ்ந்தாள் என்று முடித்துவிட்டார் வில்ஹெல்ம். லானகனின் தாய்க்கோ அப்போதும் நடுவயதே. விருப்பம் இன்னும் உயிரோடிருக்கின்றது. தீங்கில்லா உலகில் அவளுக்கு இத்தகைய வலி நேர்ந்திராது. அங்கே ஏமாற்றமளிக்கக்கூடிய மனிதர் எவரும் இலர். விரும்பத்தக்க மனிதரும் இலர். நாவலில் மிகச் சிறந்த பக்கங்கள் இவையே என்று தயங்காமல் சொல்வோம். கொடுமைக் காட்சிகளைப் பற்றி இத்துணை எழுதிய விமர்சகர்கள் இவற்றைப் பற்றி அதிகம் பேசாதது வியப்பே.

வகுப்பறையில்

இருண்ட கதைகளை இளையோர்க்குச் சொல்வது நமக்கும் புதிதன்று. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிச் சென்று, அண்ணி மூளியலங்காரியால் அவமதிக்கப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்த நல்லதங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பல. அக்கதையைச் சொன்ன பாட்டிமார் எவரும் வயது வரம்பு கேட்டதில்லை. அச்சேறியபோதுதான் வரம்பு வேண்டியதாயிற்று. வில்ஹெல்ம் கிரிம் கதைகளைத் திருத்தினார், கி. ராஜநாராயணன் திருத்தாமல், பாலியல் சார்ந்த நாட்டார் கதைகளைத் தனியே பிரித்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். இரண்டனுள் கி.ரா.வின் வழியே நேர்மையானது என்பது நம் துணிபு. மாற்றாமல் பிரித்து வைத்தால், பின்னொரு நாள் எடுத்துப் படிக்கலாம். மாற்றிவிட்டால் மாற்றிய சுவடே மறைந்துவிடும்.

அவ்வழியிலேயே இந்நாவலுக்கும் ஓரிடம் வகுக்கலாம். கீழ்நிலைப் படிவ மாணவர்க்கு இது உரியதன்று. அதில் நமக்கு ஐயமில்லை. ஆறாம் படிவம், தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழக முதலாண்டு ஆகிய நிலைகளில் ஒப்பிலக்கியமோ நாட்டார் வழக்காற்றியலோ பயில்வோர்க்குத் தரலாம். அவர்களுள் பலர் இத்தகைய ஆங்கில நாவல்களை நம்மைக் கேளாமலேயே படித்துக்கொண்டும் இருக்கின்றனர். முதல் இயலின் உள்ளடக்கத்தை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் அதனால் காயமுறக்கூடியவர் இருக்கலாம், அவர் யாரென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அவ்வியலை உரக்க வாசிக்கச் செய்தலாகாது. கிரிம் கதையையும் ஸ்டாலின் கதைச் சுருக்கத்தையும் முதலில் கொடுத்து, மலைவிளிம்புக் காட்சி மூன்றிலும் உள்ளதா, இல்லையா, ஏன் என்று மாணவரையே தேடச் செய்து, அங்கிருந்து நாவலுக்குள் நுழைவது பொருத்தமாக இருக்கும்.